பண்டிகைப் பரிசாக நாணயம்: மஞ்சளுக்கு ஒரு காசு, பத்திரமாக வைக்க ஒரு காசு

பண்டிகை நாளில் பெரியவர்கள் சின்னவர்கள் கையில் காசு வைப்பது நம்மிடையே எல்லா மதத்தவருக்கும் உள்ள வழக்கம். யாழ்ப்பாணத்தில் சித்திரைப் புத்தாண்டுக்குக் கைவிசேஷம், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தீபாவளி அங்பாவ், தமிழ்நாட்டில் தீபாவளிக் காசு, பொங்கல் காசு. அதெல்லாம் செலவாவதற்கென்றே கொடுக்கும் காசு. சேகரிப்பு நாணயம் வேறு. பெறுபவரிடம் இருபது முப்பது வருடம் இருக்கட்டும் என்று கொடுக்கிறோம். ஆனால் அது பெரும்பாலும் கெடுவது கொடுத்த அன்றே. கெடுப்பவர்களும் அலட்சியக்காரர்கள் அல்ல, அன்போடும் பக்தியோடும் வாங்கியவர்கள்தான்.

என்ன நடக்கிறது என்று பாருங்கள். காசு கைக்கு வந்ததும் பூஜை அறைக்குப் போகிறது. மஞ்சள், குங்குமம் வைக்கிறார்கள். வெள்ளியாக இருந்தால் பாலில் அபிஷேகம். கறுத்திருந்தால் விபூதி தொட்டு விரலால் அழுத்தித் துலக்குகிறார்கள். செம்பாக இருந்தால் புளி. இப்படித் தேய்த்தபின் காசு பளபளவென்று ஆகிவிடும். சேகரிப்பவர்கள் பார்வையில் அந்தக் காசின் விலையில் பெரும்பகுதி அந்த ஐந்து நிமிடத்தில் போய்விட்டது.

காரணம் இதுதான். நாணயச் சாலையில் அச்சு வந்து விழும் அழுத்தத்தில் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்கிறது. அந்த நகர்வு மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகளாகப் பதிகிறது. புதுக்காசை விளக்கடியில் சாய்த்துத் திருப்பும்போது வெளிச்சம் சக்கர ஆரம்போல் சுற்றி வருவது இந்தக் கோடுகளால்தான். இதைத்தான் லஸ்டர் என்கிறோம். விபூதி மென்மையாகத் தெரிந்தாலும் தேய்க்கும்போது உப்புத்தாளின் வேலையைச் செய்கிறது. கோடுகள் மழுங்கி, அவற்றின் இடத்தில் எல்லாத் திசையிலும் கீறல்கள் விழுகின்றன. புளியின் அமிலம் செம்பின் பழுப்புப் படலத்தைக் கரைத்து ரோஜா நிறத்தில் வெற்று உலோகத்தை வெளியே கொண்டுவருகிறது. சில மாதங்களில் அது திட்டுத்திட்டாக மறுபடி கறுக்கும். மஞ்சள் எழுத்துகளின் இடுக்கில் தங்கும். பால் காய்ந்து படலமாக ஒட்டும். இதில் லஸ்டர் ஒன்று மட்டும் போனால் போனதுதான், எந்த வித்தையாலும் திரும்பி வராது.

பூஜை செய்யாதே என்று யாரிடமும் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டியதில்லை. வேலை செய்கிற தீர்வு ஒன்று உண்டு: எப்போதும் இரண்டு காசாகக் கொடுங்கள். ஒன்று மஞ்சள் குங்குமத்துக்கு. நகைக்கடையில் கிடைக்கும் லட்சுமி உருவம் பொறித்த வெள்ளிக்காசு இதற்கு அருமையாகப் பொருந்தும், தேய்த்தாலும் அதன் மதிப்பு வெள்ளியின் மதிப்புதான். இன்னும் எளிதாக வேண்டுமென்றால் 1968 முதல் 1971 வரை வந்த, தாமரை பொறித்த, பித்தளை நிற 20 பைசா. தென்னாட்டு வீடுகளில் அதில் 108 சேர்த்து லட்சுமி பூஜைக்கு வைக்கிற பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டாவது காசு கேப்ஸ்யூல் என்ற மூடிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கட்டும். "இது சாமிக்கு, இது பத்திரமாக வைக்க" என்று கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் மனக்கசப்பும் இல்லை, காசும் பிழைக்கும்.

யாருக்கு எதைக் கொடுப்பது என்பதில் விலையைவிடப் பெறுபவருக்கு அதோடு என்ன ஒட்டு இருக்கிறது என்பதுதான் முக்கியம். பள்ளிப் பிள்ளைகளுக்கு விலை உயர்ந்த வெள்ளி ப்ரூஃப் (சேகரிப்பவர்களுக்கென்றே தனியாக அடிக்கும் காசு) கொடுப்பது வீண். அவர்களுக்குத் தொட்டுப் பார்க்கக் காசு வேண்டும். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்று, அதோடு ஒரே ஆண்டின் ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ நான்கு. ஆண்டுக்குக் கீழே பாருங்கள்: சாய்சதுரம் இருந்தால் மும்பை, ஐந்துமுனை நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப்புள்ளி நொய்டா, ஒன்றும் இல்லையென்றால் கொல்கத்தா. நான்கையும் சில்லறையிலிருந்தே பொறுக்கிவிடலாம், முகமதிப்புக்கு மேல் ஒரு பைசா செலவில்லை. பழைய காசுகளைப் பார்த்தால் வெளிநாட்டில் அடித்து வந்தவையும் கண்ணில் படும், அவற்றின் குறிகள் வேறு. பிள்ளைகள் அப்புறம் பால்காரரிடமும் பஸ் கண்டக்டரிடமும் வாங்கும் ஒவ்வொரு சில்லறையையும் திருப்பிப் பார்க்க ஆரம்பிப்பார்கள். அதைவிட நல்ல பரிசு நாணயத்தில் இல்லை.

பாட்டு கேட்கும் அத்தைக்கு எம்.எஸ். சுப்புலட்சுமி நூற்றாண்டு நாணயம். அரசியல் பற்றுள்ள பெரியப்பாவுக்கு அவர் பக்கத்துத் தலைவர்: காமராஜர், அண்ணா, எம்.ஜி.ஆர். எல்லாருக்கும் நாணயம் வந்திருக்கிறது. கருணாநிதி நூற்றாண்டுக்கான 100 ரூபாய் நாணயம் 2024 ஆகஸ்டில் சென்னையில் வெளியானது. தமிழாசிரியர்களுக்கு 1995 தஞ்சை உலகத் தமிழ் மாநாட்டுக்காக வந்த, திருவள்ளுவர் அமர்ந்திருக்கும் காசுகள். இவற்றில் 1, 2, 5 ரூபாய் காசுகள் புழக்கத்துக்கு வந்தவை, குறைந்த செலவில் கிடைக்கும். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010 என்று ஆண்டிட்டு 5 ரூபாயும் 1000 ரூபாயும் வந்தன. ஆயிரம் ரூபாய்க் காசு 44 மி.மீ. அகலம், 35 கிராம், அதில் 80 சதவீதம் வெள்ளி. கையில் வாங்கினால் கனம் தெரியும். கொடுப்பவர் வசதிக்கேற்ப ஒரே கோயிலை இரண்டு விலையில் கொடுக்கலாம் என்பது இதில் உள்ள வசதி.

இத்தகைய பெரிய மதிப்பு நாணயங்கள் புழக்கத்துக்கு வருவதில்லை. அரசு நாணயச் சாலைகள் முன்பதிவு முறையில் விற்கின்றன, முகமதிப்பைவிடக் கூடுதல் விலைக்கு. பதிவு செய்த காசு கைக்கு வர மாதங்கள் ஆகலாம். ஐப்பசியில் தீபாவளி என்றால் புரட்டாசியில் பதிவு செய்து பயனில்லை, போன பொங்கலுக்கே யோசித்திருக்க வேண்டும். அவசரத்துக்கு டீலரிடம்தான் போக வேண்டும், அங்கே விலை கூடும். வாங்கும்போது யூஎன்சியா ப்ரூஃபா என்று கேளுங்கள். யூஎன்சி என்பது வழக்கம்போல் அடித்து, புழக்கத்தில் கைபடாத காசு. ப்ரூஃப் என்பது பளபளப்பாக்கிய அச்சில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடித்தது: தளம் கண்ணாடிபோல் இருக்கும், உருவம் பனிபடர்ந்ததுபோல் வெளுத்திருக்கும். அந்தக் கண்ணாடித் தளத்தில் விரல் பட்டால் ரேகை அப்படியே பதியும். தோலின் உப்பும் அமிலமும் உலோகத்தை அரிப்பதால் சில வாரங்களில் அந்த ரேகை நிரந்தரமாகிவிடும். அதனால் விரல் போகும் வீட்டுக்கு ப்ரூஃப் வேண்டாம், யூஎன்சி போதும்.

அறுபதாம் கல்யாணத்துக்குப் பிறந்த ஆண்டுக் காசுகள் கொடுப்பது இப்போது அதிகமாகியிருக்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் எல்லா ஆண்டும் எல்லா மதிப்பிலும் காசு அடிக்கப்படவில்லை. நிக்கல் ஒரு ரூபாய் 1962க்குப் பிறகு வழக்கமான வடிவில் 1970இல்தான் வருகிறது. நடுவில் இருப்பது 1964இன் நேரு ரூபாயும் 1969இன் காந்தி ரூபாயும். 1966இல் பிறந்தவருக்கு ஒரு ரூபாய் தேடி அலைய வேண்டாம், யாராவது அந்த ஆண்டிட்ட ரூபாயைக் காட்டினால் வாங்கவும் வேண்டாம். அந்த ஆண்டுகளுக்குப் பைசாக்கள்தான் சரி: சதுர 5 பைசா, அறுகோண 3 பைசா, நெளிவிளிம்பு 2 பைசா. 1957 முதல் 1963 வரை பிறந்தவர்களுக்கு 'நயா பைசா' என்று பொறித்த காசுகள் கிடைக்கும். அலுமினியக் காசுகள் மலிவு, ஆனால் ஈரத்தில் வெள்ளைப் பொடி பூத்துவிடும், பூத்ததை வாங்காதீர்கள்.

இனி வெள்ளி ரூபாய். தமிழ் வீடுகளில் பரிசாக அதிகம் கைமாறும் பழங்காசு இதுதான். பித்தலாட்டம் அதிகம் நடப்பதும் இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

1835இலிருந்து பிரிட்டிஷ் இந்திய ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. அகலம் ஏறத்தாழ 30.5 மி.மீ. 1939 வரை வெள்ளி 91.7 சதவீதம். 1940 முதல் 1945 வரை 50 சதவீதம். 1947இல் புலி பொறித்து வந்த ரூபாய் வெறும் நிக்கல். எடை எல்லாவற்றுக்கும் ஒன்றே என்பதால் தராசு மட்டும் போதாது. காந்தம் ஒரு படி உதவும்: வெள்ளி காந்தத்தில் ஒட்டாது, ஒட்டினால் போலி. ஆனால் 1947 ரூபாய் ஒட்ட வேண்டும், அது நிக்கல். இதைத் தெரியாமல் நல்ல புலி ரூபாயைப் போலி என்று தள்ளியவர்கள் உண்டு.

உறுதியான சோதனை தண்ணீரில் இருக்கிறது. 0.01 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு வேண்டும். முதலில் காசை அப்படியே நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மேல் பாதித் தண்ணீரோடு டம்ளரை வைத்துப் பூஜ்ஜியமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் சுருக்குப் போட்டு, டம்ளரின் அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். தராசு ஒரு சிறு எண்ணைக் காட்டும். காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் கிடைப்பது அடர்த்தி. 11.66 கிராம் காசுக்குத் தண்ணீரில் 1.13 வந்தால் அடர்த்தி 10.3, அது 91.7 சதவீத வெள்ளி. 1.22 சுற்றி வந்தால் 50 சதவீத வெள்ளி. 1940க்குப் பிந்தைய ரூபாய்க்கு அது சரி, விக்டோரியா ரூபாய்க்கு அது வந்தால் தவறு. 1.31, 1.35 என்று ஏறினால் செம்பு-நிக்கலோ ஜெர்மன் சில்வரோதான். காசின் மேல் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் எண் கூடிக் காட்டும், நல்ல காசைப் போலி என்று நினைக்க வைக்கும். தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் குமிழி நிற்காது. முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள், துடைக்கக் கூடாது. இந்தச் சோதனை புழங்கித் தேய்ந்த காசுக்கு மட்டும். புதுமெருகு உள்ள காசை நூலில் கட்டாதீர்கள்.

வெள்ளி சரியாக இருந்தும் காசு போலியாக இருக்கலாம். 1939 ரூபாய் அப்படிப்பட்டது. அது அரிய ஆண்டு, அதனால் வேறு ஆண்டுக் காசில் எண்ணைத் திருத்தியும், புதிதாக அடித்தும் விற்கிறார்கள். பரிசுக்கு 1939ஐத் தேடாதீர்கள். வாங்கியே ஆகவேண்டும் என்றால் தரச்சான்றோடு மூடி முத்திரையிட்டதை மட்டும் வாங்குங்கள். இதற்கு நேர்மாறானது 1862 விக்டோரியா ரூபாய். 'லட்சக்கணக்கில் போகும்' என்று பேச்சு உண்டு. உண்மையில் அந்த ஆண்டெண்ணை மாற்றாமல் 1874 வரை அடித்தார்கள், அதனால் அது ஏராளம். கதையோடு ஒரு காசு கொடுக்க வேண்டுமென்றால் 1911 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயைப் பாருங்கள். அரசரின் அங்கியில் தொங்கும் சங்கிலியில் உள்ள யானை பன்றிபோல் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்து, அடித்ததில் பெரும்பகுதியைத் திரும்ப உருக்கி, 1912இல் யானையைத் திருத்தி வெளியிட்டார்கள். 1911ஐயும் 1912ஐயும் சோடியாகக் கொடுத்து லென்ஸையும் சேர்த்தால் பெறுபவர் தானே அந்த யானையைக் கண்டுபிடித்துக்கொள்வார்.

விளிம்பைச் சுற்றிப் பார்க்காமல் எந்த வெள்ளி ரூபாயையும் பவுனையும் (சாவரின் என்ற பிரிட்டிஷ் தங்கக்காசு) வாங்காதீர்கள். பாதி காசுமாலையிலும் ஒட்டியாணத்திலும் இருந்து பிரித்தவை. அரசர் தலைக்கு நேர்மேலே விளிம்பில் பற்றாசுத் தழும்பு, அரம் வைத்த சமதளம், அடைத்த துளை இருந்தால் அது நகைக்காசு. உலோக விலைக்கு மேல் கொடுக்கக் கூடாது. பவுன் என்றால் 7.98 கிராம், 22 காரட், 22.05 மி.மீ. 1918இல் மட்டும் பம்பாயில் பவுன் அடித்தார்கள். அதில் 'ஐ' என்ற ஆங்கில எழுத்து சிறிதாக இருக்கும். நம் நாட்டில் அடித்த பவுன் என்பதால் அது அழகான பரிசு. நகைக்கடைகள் பவுன் மாதிரியில் செய்து விற்ற காசுகளும் வீடுகளில் இருக்கின்றன, தங்கம் நல்லதாகவே இருக்கும், நாணயம் அல்ல.

விலை நியாயமா என்று பார்க்கச் சுருக்குவழி: அன்றைய ஒரு கிராம் வெள்ளி விலையை எடுங்கள். பழைய ரூபாய்க்கு 10.7ஆல் பெருக்குங்கள், 1940-45 ரூபாய்க்கு 5.8, 1969 காந்தி பத்து ரூபாய்க்கு 12, 2023 மே மாதம் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்காக வந்த 75 ரூபாய்க்கு 17.5. வருவது உள்ளே இருக்கும் வெள்ளியின் விலை. அதற்கு மேல் கேட்பது முழுக்க அரிதுக்கும் தரத்துக்கும். கடைக்காரர் அந்த மேல்தொகைக்குக் காரணம் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

ராமர் பட்டாபிஷேகம், அனுமார், லட்சுமி உருவத்தோடு '1818 கிழக்கிந்தியக் கம்பெனி அரையணா' என்று விற்கிறார்களே, அப்படி ஒரு காசைக் கம்பெனி அடித்ததே இல்லை. கோயில் டோக்கன் மாதிரியில் பின்னாளில் செய்தது. யாராவது ஆசையாக அதைக் கொடுத்தால் முகத்துக்கு நேரே பொய் என்று சொல்ல வேண்டாம், பூஜையில் வைத்துக்கொள்ளுங்கள். விற்றால் கோடி கிடைக்கும் என்று நம்பிப் பணம் கட்டுவதுதான் ஆபத்து. வைஷ்ணோதேவி படம் உள்ள ஐந்து ரூபாய்க்கு லட்சம் தருகிறோம், முதலில் கமிஷன் அனுப்புங்கள் என்று அழைப்பு வந்தால் அது மோசடி. ரிசர்வ் வங்கியின் பெயரிலேயே இப்படிக் கேட்கிறார்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. அது பழைய காசு வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. அரிசியை இழுக்கும் அதிசயச் செம்புக் காசு என்று சொல்லி விற்க வருகிறவர்களைப் பற்றிப் போலீசுக்குத்தான் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரர்களுக்குக் கொடுக்கும்போது சட்டம் குறுக்கே வரும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத பழமையுள்ள நாணயம் தொல்பொருள், அதைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. பொங்கலுக்கு வந்த தங்கை மகனுக்கு விக்டோரியா ரூபாயைக் கொடுத்துப் பெட்டியில் வைத்து அனுப்பினால், விமான நிலையத்தில் மாட்டுவது அந்தப் பிள்ளை. எல்லை ஆண்டுக்கு ஓராண்டு நகர்ந்துகொண்டே வரும் என்பதால் ஐந்தாம் ஜார்ஜ் காசுகளும் ஒவ்வொன்றாக உள்ளே வருகின்றன. ராஜராஜன் செப்புக்காசும் இதில்தான் அடக்கம். ஒரு பக்கம் நிற்கும் அரசர், மறுபக்கம் அமர்ந்த அரசரும் நாகரியில் 'ஸ்ரீராஜராஜ'வும். தமிழ்நாட்டுக்குள் கொடுக்க அதைவிட அருமையான பரிசு இல்லை, அதிக விலையும் இல்லை. ஆனால் வார்ப்புப் போலிகள் நிறைய: லென்ஸில் ஊசிமுனைக் குழிகளும் விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடும் தெரிந்தால் ஒதுக்குங்கள். நிலத்தைத் தோண்டும்போது கிடைத்தது என்று சொல்லி விற்பவரிடம் எதையும் வாங்காதீர்கள். புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம்.

இங்கிலாந்தில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சென்னையோடு ஒட்டுள்ள காசு வேண்டுமென்றால் அங்கேயே கிடைக்கும். சென்னை ராஜதானிக்காக 1808இல் பர்மிங்காமின் சோஹோ ஆலையில் பத்துக் காசு, இருபது காசு என்று செப்பு நாணயங்கள் அடித்தார்கள். அவற்றை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்டனர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கரையருகே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் மூழ்காளர்கள் அள்ளி எடுத்தார்கள். சிங்கம் பொறித்த கம்பெனி முத்திரை ஒரு பக்கம், பாரசீக எழுத்து மறுபக்கம். சென்னைக்குக் கிளம்பிச் சென்னைக்கு வந்து சேராத காசு. அங்குள்ள டீலர்களிடம் சாதாரண விலையில் விற்கிறது. கடலில் கிடந்ததால் அரிப்பு இருக்கும், அரிப்பு குறைந்ததாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

பரிசாகக் கட்டுவதைக் காசு வாங்குவதைப்போலவே கவனிக்க வேண்டும். ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய மொய்க் கவர் நமக்குப் பழக்கம், ஆனால் பசை, செலோடேப், வெற்றிலையின் ஈரம், ரப்பர் பேண்டு, செய்தித்தாள் எதுவும் சேகரிப்புக் காசின் மேல் படக் கூடாது. ரப்பரில் கந்தகம் உண்டு, வெள்ளியைக் கோடு போட்டுக் கறுக்க வைக்கும். பட்டாசுப் புகையிலும் கந்தகம்தான்: தீபாவளி அன்று திறந்த வெள்ளிக்காசை வாசலோரம் வைத்திருந்தால் சில நாளிலேயே மஞ்சள் படரும். மென்மையாக, நெகிழ்வாக, பிளாஸ்டிக் வாசனையோடு இருக்கும் பைகள் பிவிசி. நம் ஊர் வெக்கையில் அது எண்ணெய் விட்டுக் காசின் மேல் பச்சைப் பிசினாகப் படியும். மைலார் என்ற தெளிந்த பிளாஸ்டிக் தாளில் சன்னல் வைத்த அட்டை ஹோல்டர் போதும், விலையும் சில ரூபாய்தான். வெள்ளி ரூபாய்க்குச் சன்னல் 32 மி.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். ஸ்டேப்ளர் பின் அடித்ததும் அதன் முனைகளைக் குறடால் தட்டையாக்குங்கள், இல்லையென்றால் அடுத்த ஹோல்டரிலுள்ள காசைக் கீறும். 44 மி.மீ. காசுகளுக்கு அதே அளவு அக்ரிலிக் கேப்ஸ்யூல்; பெரிதானால் உள்ளே ஆடி விளிம்பு தேயும். வடகிழக்குப் பருவமழையில் தீபாவளி வருவதால் டப்பாவுக்குள் ஐந்து கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள்.

கூடவே ஒரு அட்டை எழுதி வையுங்கள். இப்படி இருந்தால் போதும்: "1914, ஐந்தாம் ஜார்ஜ், ஒரு ரூபாய், கல்கத்தா. வெள்ளி 91.7 சதவீதம். எடை 11.62 கிராம். பெரியம்மா தீபாவளிக்குக் கொடுத்தது. துலக்க வேண்டாம், துளை போட வேண்டாம்." விலையை அட்டையில் எழுதாதீர்கள், பில்லைத் தனிக் கவரில் வீட்டுப் பெரியவரிடம் கொடுங்கள். துளை பற்றிய வரி அவசியம். காசை டாலராக்கிச் சங்கிலியில் போடும் ஆசை எல்லா வீட்டிலும் வரும். அரசு நாணயத்தை உருக்குவதும் சிதைப்பதும் 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி குற்றம்.

பெறுபவராக இருந்தால் முதல் நாள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஹோல்டரைப் பிரிக்காமல் இரண்டு பக்கமும் செல்போனில் படம் எடுங்கள். அட்டை இல்லையென்றால் கொடுத்தவரிடம் அன்றே கேட்டு நீங்களே எழுதுங்கள். அடுத்த பண்டிகைக்குள் அவருக்கே மறந்துவிடும். எடுத்துத்தான் பார்க்க வேண்டுமென்றால் கையைக் கழுவித் துடைத்து, மெத்தையின் மேல் துண்டை விரித்து, விளிம்பை மட்டும் இரு விரலால் பிடியுங்கள். அட்டை ஹோல்டரிலிருந்து எடுக்கும்போது எல்லாப் பின்களையும் கழற்றிய பிறகே விரிக்க வேண்டும், பாதி கழற்றி உருவினால் பின்முனை அரசரின் கன்னத்தில் கோடு கிழிக்கும். நாணயச் சாலையின் அட்டை உறையையும் பெட்டியையும் சான்றையும் சேர்த்து வையுங்கள். போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது பழைய அட்டைப்பெட்டி என்று முதலில் போவது அவைதான், அவை இல்லாமல் அந்தக் காசின் விலை குறையும்.

ஏற்கெனவே மஞ்சளும் பசையும் பட்டுவிட்டதா? தேய்க்காமல் வெதுவெதுப்பான, காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, நீரை மாற்றி மாற்றி விடுங்கள். பசைக்கும் பிவிசி பச்சைக்கும் சுத்தமான அசிட்டோன். நகப்பூச்சு அகற்றும் திரவம் வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் சில நிமிடம் ஊறவிட்டு, புது அசிட்டோனில் ஒருமுறை அலசி, தானாகக் காயவிடுங்கள். விளக்கு, ஊதுவத்தி, அடுப்பு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது, குப்பென்று பற்றும். வெள்ளியின் மேல் சீராகப் படர்ந்த நீல, பொன் நிறச் சாயலை அழுக்கு என்று எடுக்காதீர்கள். நல்ல டோனிங் உள்ள காசுக்குக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் டப்பாவைத் திறந்து பாருங்கள். கேப்ஸ்யூலுக்குள் மூடுபனி தெரிந்தால் ஈரம் புகுந்திருக்கிறது, ஒரு நாள் உலர்ந்த இடத்தில் திறந்து வைத்து மூடுங்கள். அலுமினியக் காசில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அதை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் அன்றே மாற்றிவிடுங்கள்.